கடைசி இரண்டு ஃபாரம்

எங்கள் புத்தக வட்டத்தில் முதலில் நடக்கும் வேலை புத்தகத்தை வெட்டுவதுதான். இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். எட்டுப் பேர், ஒரே ஒரு பிரதி, ஒரு மாதம் அவகாசம். அதிலும் பாதிப் பேர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். ஒருவர் படித்து முடித்து அடுத்தவரிடம் கொடுத்து, அவர் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோய், பிறகு தேடி எடுத்துக் கொடுத்து என்று போனால் ஒரு நாவல் ஒரு சுற்று வருவதற்குள் முதலில் படித்தவருக்குக் கதையே மறந்துவிடும். ஆளுக்கொரு பிரதி வாங்கலாமே என்பார்கள். நாங்கள் படிக்கிற புத்தகங்கள் பெரும்பாலும் சென்னையில் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடிப்பவை. இன்னொரு பிரதி வேண்டுமென்றால் எழுதியவர் வீட்டுப் பரணில்தான் ஏறிப் பார்க்க வேண்டும்.

வெட்டுவது என்பது எங்கள் வாய்ப்பழக்கம். உண்மையில் கத்திக்கு அதிகம் வேலை இல்லை. எங்களில் ஒருவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். அவர் அட்டையைக் கழற்றி, முதுகில் காய்ந்திருக்கும் பசையை ஈரத்துணியால் ஊறவைத்து, தையல் நூலை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரிப்பார். பதினாறு பக்கங்களை ஒரே தாளில் அச்சடித்து மடித்தால் அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். நடுத்தர நாவல் என்றால் பதினாறு ஃபாரம் தேறும். ஆளுக்கு இரண்டு ஃபாரம். அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே பென்சிலால் எண் போட்டுக் கொடுப்பார். அத்தியாயம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. ஃபாரம் எங்கே முடிகிறதோ அங்கே என் பங்கு முடியும், அது பாதி வாக்கியமாக இருந்தாலும். "அவன் அவளைப் பார்த்து" என்பதோடு என் பங்கு முடிந்து, என்ன சொன்னான் என்பது பக்கத்துத் தெருவில் இன்னொருவர் வீட்டு அலமாரியில் இருக்கும். அந்த ஒரு மாதம் படும் பேஜாரு இருக்கிறதே, அதை நான் வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு விடும், குளித்துச் சாப்பிட்டு வர ஒரு மணி நேரம். வரிசைப்படி ஒவ்வொரு மாதமும் ஒருவர் வீடு. ஒன்றாம் பங்குக்காரர் தொடங்கி அவரவர் படித்ததை அவரவர் சொல்லிக்கொண்டே வருவோம். எல்லோரும் முடித்ததும் பைண்டர் எட்டுப் பங்கையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய், மறுபடி தைத்து, காலிகோ துணி ஒட்டிக் கொண்டுவருவார். பிரிந்து போனதைவிடப் பலமாகத் திரும்பி வரும். அவற்றை அடுக்கி வைக்கும் அலமாரி சார் வீட்டில் இருந்தது.

சார் என்றால் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். புதுவாயலுக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரின் பெரிய வீட்டுக்காரர். ஏரிக்குக் கீழே நெல் வயல், ஊருக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் முளைத்த புது நகரில் மாடி வீடு. வட்டத்தைத் தொடங்கியவரே அவர்தான். முதன்முதலில் புத்தகத்தைப் பிரித்த அன்று அவர் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பைண்டரிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நல்ல படிப்பாளி, அதை மறுக்க முடியாது.

வட்டத்தின் விதிகளும் அவர் போட்டவைதான். அதில் முக்கியமானது ஒன்று. தொடக்கத்தில் பாதிப் பேர் கூட்டத்துக்கு டிமிக்கி கொடுத்தார்கள். வட்டம் படுத்துவிடும் போலிருந்தது. அப்போது சார் சொன்னார்: "கூட்டம் யார் வீட்டிலோ, கடைசிப் பங்கு அவரிடம். முடிவு தெரிய வேண்டுமென்றால் அந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். வராதவருக்கு யாரும் சொல்லக் கூடாது." வர முடியாதவர்கள் தங்கள் பங்கைச் சனிக்கிழமைக்குள் பைண்டரிடம் சேர்த்துவிட வேண்டும் என்பது கூடுதல் விதி. அதன்பிறகு ஒருவர்கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு போர்வை போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. சாரின் மூளையே மூளை என்று எல்லோரும் பாராட்டினோம்.

எங்களோடு இருந்த ஒருவருக்குக் கடம்பத்தூர் பக்கம் மாற்றலாகிப் போனதில் ஓர் இடம் காலியானது. நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் ஸ்டோர் பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் வருவாள். டிப்ளமோ படித்தவள், தர ஆய்வுப் பிரிவில் வேலை. நாள் முழுக்க இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, மயிரிழை தப்பினாலும் திருப்பி அனுப்பும் வேலை. பஸ்ஸில் ஏறியதும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தால் இறங்கும்வரை தலை தூக்க மாட்டாள். ஒருநாள் எங்கள் வட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"புக்க கிழிச்சா படிப்பீங்க?" என்றாள்.

"பிரிச்சு. கிழிச்சு இல்ல."

"எனக்கும் ரெண்டு ஃபாரம் குடுங்கக்கா" என்றாள்.

அவள் வந்த முதல் கூட்டத்திலேயே கூத்து நடந்தது. பைண்டர் அந்த மாதம் பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டு வேலையில் மூழ்கியிருந்தவர், பொட்டலங்களில் எண்களை மாற்றிப் போட்டுவிட்டார். நாங்களும் வாங்கியபடியே கதை சொல்லத் தொடங்கினோம். இரண்டாவது ஆள் சொல்லும்போது காலரா வந்து செத்துப்போன பெரியவர், மூன்றாவது ஆள் சொல்லும்போது சந்தையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டு மாட்டுக்கு விலை பேசினார். நான்காவது ஆளின் பங்கில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். சார் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப்போடுவது நவீன நாவலின் உத்தி என்று கால் மணி நேரம் விளக்கினார். நாங்கள் தலையாட்டினோம்.

அவர் முடித்ததும் புதிதாக வந்தவள் கேட்டாள். "சார், பக்க நம்பரு பாத்தீங்களா?"

எல்லோரும் அவரவர் ஃபாரத்தைப் புரட்டினோம். என்னிடம் நூற்றறுபத்தொன்றாம் பக்கம், எனக்கு முன்னால் சொன்னவரிடம் நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கம். பைண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம். சாரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

அவள் வீடு காலனியில் இருந்தது. எங்கள் பக்கத்தில் காலனி என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். அவள் அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் எங்கள் வீட்டு வயலிலும் சார் வீட்டு வயலிலும் நாற்று நட்டவர்கள், இப்போது பிள்ளைகள் எல்லோரும் கம்பெனியில். இதை எல்லோரும் அறிவார்கள். யாரும் பேசவில்லை. படித்தவர்கள் கூடுகிற இடத்தில் இதையெல்லாம் பேசுவது நாகரிகம் இல்லை என்று ஒரு பாவனை.

அடுத்த கூட்டம் சார் வீட்டில். அங்கே வழக்கமாக எவர்சில்வர் டம்ளரில் டீ வரும், நுரை ததும்ப. அன்றைக்குப் பேப்பர் கப்பில் வந்தது. எட்டுப் பேருக்கும் பேப்பர் கப். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் தெரிந்துவிடும் அல்லவா, அதனால் எல்லோருக்கும். சாரின் மனைவி, நாங்கள் சார் வீட்டு அம்மா என்போம், அவர்தான் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் எப்போதும் அப்படித்தான். டீ கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று கதை கேட்பார். உள்ளே குக்கர் விசில் அடித்தால் போய்விடுவார். நீங்களும் வந்து உட்காருங்கள் என்று எங்களில் ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லை, நானும்தான்.

எனக்குக் கப்பைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் கப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், கம்பெனியில் சாமானைப் பார்ப்பதுபோல. பிறகு குடித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கேண்டீனில் அழுகிய தக்காளி வந்தால் லாரிக்காரனை நடுரோட்டில் நிறுத்திக் கத்துகிற எனக்கு, அன்றைக்கு அந்த ஹாலில் குரல் வரவில்லை. அந்தச் சூடான டீயைக் குடித்து முடித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

மாதங்கள் போயின. வரிசை சுற்றி வந்து அவள் முறை நெருங்கியது. அந்த மாதத்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் சார். மறுபதிப்பே காணாத, அவரும் படித்திராத ஒரு பழைய நாவல். பெயரைச் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் தெரியும். இருபது வருஷம் முன்னால் வீட்டை விட்டுப் போன அக்காவைத் தேடி ஒரு தங்கை ஊர் ஊராகப் போகிற கதை. பைண்டர் பிரித்துக் கொடுத்தார். விதிப்படி கடைசி இரண்டு ஃபாரம் அவளுக்கு.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சார் எனக்குப் போன் செய்தார். "நமக்குள்ள எந்த வித்தியாசமும் இல்லம்மா. அது உனக்கே தெரியும். ஆனா அங்க இடம் பத்தாது. கல்யாண மண்டபத்துல சின்ன ஹால் சும்மாதான் கிடக்குது. இல்லன்னா உன் வீட்டுலயே வெச்சுக்கலாம். நீ சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்."

நான் மறுநாள் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். ஆமாம், கேட்டேன். மறைக்க என்ன இருக்கிறது. "எதுக்கு உனக்குச் சிரமம், இந்த மாசம் எங்க ஊட்லயே வெச்சுக்கலாமா?" என்றேன், ஏதோ உதவி செய்கிற தோரணையில்.

அவள் புத்தகத்தை மூடினாள். "சிரமம் எனக்கா, உங்களுக்காக்கா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"ஏழு மாசமா ஏழு ஊட்டுக்கு வந்துக்கினு இருக்கேன். யாருக்கும் சிரமம் இல்லியா? பேப்பர் கப்புல குடுத்தப்ப வாயத் தொறக்காம குடிச்சேன். குடிச்சது எதுக்குன்னு நெனைக்கிறீங்க? என் முறை வரும்னுதான். எங்க ஊட்ல எல்லாரும் வந்து ஒக்காந்து நான் சொல்ற முடிவ கேக்கணும். அது எனக்கு வேணும். வுட்டுக் குடுக்க மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் காது சுட்டது. அன்று மாலையே சாருக்குப் போன் செய்து, கூட்டம் அவள் வீட்டில்தான், விதி நீங்கள் போட்டதுதான் என்றேன். அவர், "ஊர்ல பேசுவாங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரரும் இரவு சாப்பாட்டில் இதே வார்த்தையைச் சொன்னார். இருவருக்கும் ஒரே பதில்தான் கொடுத்தேன். பேசட்டும்.

வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சேதிகள் வரத் தொடங்கின. ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருக்கு ஆர்.கே.பேட்டையில் கல்யாணம். இன்னொருவருக்கு வீட்டில் விருந்தாளி. சாருக்கு முழங்கால் வலி, கரை ஏற முடியாதாம். நாலு பேரும் சனிக்கிழமை தங்கள் பங்கைப் பைண்டரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். விதியை மீறவில்லை பாருங்கள். அவள் ஒரே ஒரு சேதிதான் போட்டாள்: "ஞாயிறு மூணு மணி. எங்க ஊடு. முடிவு என்கிட்ட இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிக்கரையில் நடந்து அந்தப் பக்கம் இறங்கினேன். பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக்காரி. கல்யாணமும் இதே ஊரில்தான். ஐம்பது வயது ஆகப்போகிறது. அதுவரை ஒருமுறைகூட அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. ஐந்து நிமிஷ நடை. வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

பைண்டர் ஏற்கெனவே வந்திருந்தார். கூட்ரோட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பெண்ணும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வீட்டில் இடம் பத்தாது என்றாரே சார், நல்ல விசாலமான முன்னறை, வெள்ளையடித்த சுவர், டிவிக்கு மேல் ஒரு அலமாரி, அதில் பைபிளும் அவள் புத்தகங்களும். சர்ச்சிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இரவல் வாங்கிப் போட்டிருந்தாள், எட்டு. மேஜைமேல் கவிழ்த்து வைத்த டம்ளர்கள், எட்டு.

மூன்றே கால் வரை காத்திருந்தோம். மெடிக்கல் ஷாப் பெண் எழுந்து காலி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றாள் அவள். "வராதவங்க வரலன்னு தெரியட்டும்."

நாலு காலி நாற்காலிகளோடுதான் கதை நடந்தது. வராதவர்களின் பங்குகளை நாங்களே ஆளுக்கு ஒன்றாக உரக்கப் படித்தோம். நேரம் இழுத்தது, டீ இரண்டு தடவை வந்தது. ஏழாவது பங்கின் கடைசிப் பக்கத்தில் தங்கை ஒருவழியாக அந்த விலாசத்தைக் கண்டுபிடித்து, படியேறி, கதவைத் தட்டுகிறாள். "உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள்" என்பதோடு ஃபாரம் முடிந்துவிட்டது. நான் ஜோடித்துச் சொல்லவில்லை, அந்த இடத்தில்தான் முடிந்தது.

பிறகு அவள் சொன்னாள். பக்கத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஒவ்வொரு வரியையும் எத்தனை தடவை படித்திருப்பாள் என்று தெரிந்தது. கதவைத் திறந்தது யார் என்று சொன்ன இடத்தில் பைண்டர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒருவர் கதை சொல்லி நான் கேட்டதில்லை. நாலு பேரும் என்ன இழந்தார்கள் என்று நினைத்தபோது எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

முடிந்ததும் பைண்டர் பையைத் திறந்து மற்ற ஏழு பங்கையும் உள்ளே வைத்தார். கையை நீட்டினார். அவள் கடைசி இரண்டு ஃபாரத்தையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, எழுந்து போய், டிவிக்கு மேல் அலமாரியில் வைத்தாள்.

"இது இங்கியே இருக்கட்டும்ண்ணே. வேணும்ன்றவங்க வந்து படிச்சுக்கட்டும்."

தையல் விட்டுப்போன புத்தகத்தைப் பைண்டர் வாழ்க்கையில் ஒப்படைத்ததில்லை. ஆனாலும் பையை மூடிக்கொண்டார். "சரிம்மா" என்றார்.

அடுத்த வாரம் ஏழு பங்குகளைத் தைத்து, காலிகோ ஒட்டி, வழக்கம்போல் சார் வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். முதுகில் மட்டும் இரண்டு ஃபாரம் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த இடம் தொளதொளவென்று ஆடும்.

வராத நாலு பேரும் ஒவ்வொருவராக அதை வாங்கிப் படித்தார்கள். எல்லோரும் தாழ்ப்பாளில் போய் நின்றார்கள். உடனே குரூப்பில் ஒருவர், "முடிவு என்ன? யாராவது ஒரு ஆடியோ போடுங்களேன்" என்றார். இன்னொருவர் கும்பிடும் கைகளைப் போட்டார். நாங்கள் மூவரும் மூச்சு விடவில்லை. அவள் பதில் போட்டாள்: "வழி தெரியலன்னா லொகேஷன் அனுப்பறேன்." கையோடு அனுப்பியும் விட்டாள். சார் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை என்று காட்டியது. அன்று மாலை, சார் குரூப்பிலிருந்து விலகினார் என்று ஒரு வரி வந்தது. மற்ற மூவரும் அடுத்தடுத்து விலகினார்கள். அவர்களாக வேறு வட்டம் நடத்துவதாகக் கேள்வி. அங்கே புத்தகத்தை வெட்டுவதில்லையாம்.

நாங்கள் நாலு பேர் நிறுத்தவில்லை. ஆளுக்கு நாலு ஃபாரம் வந்தது, தூக்கம் குறைந்தது, அவ்வளவுதான். என்னைக் கல்யாண வீடுகளில், ரேஷன் கடையில், பஸ் நிறுத்தத்தில் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அந்தக் கதவை யார்தான் திறந்தது என்று. சாரே ஒருமுறை வங்கி வாசலில் கேட்டார். நான் வழி சொன்னேன். இங்கே நாவலின் பெயரை நான் எழுதாததும் அதனால்தான். உங்களில் யாராவது இளகிய மனசுக்காரர் அவர்களுக்குச் சொல்லிவிடுவீர்கள்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். மறுபடி அவள் வீட்டில் கூட்டம். நான் என் பங்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் யாரோ தட்டினார்கள். அவள் எழுந்து போனாள்.

சார் வீட்டு அம்மா. கையில் ஒயர் கூடை. முகம் வியர்த்திருந்தது. கூடையிலிருந்து அந்தக் காலிகோ அட்டைப் புத்தகத்தை எடுத்தார்.

"அலமாரிய தொடைக்கும்போதெல்லாம் இது மட்டும் ஆடுது. சரி இன்னாதான் இருக்குதுன்னு எடுத்துப் படிச்சேன். மூணு தபா படிச்சிட்டேன்" என்றார். "முடிவு இந்த ஊட்லதான் இருக்குதாம்மே."

"வாங்கம்மா" என்றாள் அவள்.

அம்மா உள்ளே வந்தார். உட்காரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பேப்பர் கப்பு நான் வாங்கலம்மா. அவரு வாங்கியாந்தாரு. ஆனா ஊத்திக் குடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"தெரியும்" என்றாள் அவள்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பரவாயில்லை என்று சொல்வதற்கு அது ஒன்றும் தெரியாமல் காலை மிதித்த விஷயம் இல்லை. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அலமாரியிலிருந்து பழுப்புப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"நான் சொல்லட்டுமா, நீங்களே படிக்கிறீங்களா?"

"நானே படிக்கிறேன்" என்றார் அம்மா. கூடையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நாங்கள் எங்கள் கதையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். முப்பத்திரண்டு பக்கம். விரலை வரிக்குக் கீழே நகர்த்தி நிதானமாகப் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திச் சுவரைப் பார்த்தார், மறுபடி தொடர்ந்தார். இத்தனை காலம் சமையலறை வாசலில் நின்று இவர் எத்தனை கதையைப் பாதி பாதியாகக் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். குக்கர் விசிலுக்கு நடுவே போன மிச்சத்தை எல்லாம் யார் சொல்வது.

படித்து முடித்து, தாள்களை மடித்தபடியே அடுக்கி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பைண்டர், "தச்சுக் குடுத்துடட்டாம்மா? எடம் வுட்டு வெச்சிருக்கேன்" என்று கேட்டார், அம்மாவிடமா அவளிடமா என்று தெரியாமல்.

"வேணாம்" என்றார் அம்மா. "அந்தப் புக்கு அப்டியே ஆடிக்கினு இருக்கட்டும். அது அவருக்கு."

அடுத்த மாதம் அம்மா வந்தார். அதற்கடுத்த மாதமும். பைண்டர் அவருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டில் சார் கேட்டாரா என்று மெடிக்கல் ஷாப் பெண்தான் வாயை விட்டாள்.

"கேக்காம?" என்றார் அம்மா. "கதவ யாரு தொறந்தான்னு நாலு நாளா கேட்டுக்கினு இருந்தாரு. லொகேஷன் அனுப்பட்டுமான்னேன்."

நாங்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

போன மாதம் பைண்டர் புது நாவலைப் பிரித்துக் கொடுத்தார். வரிசைப்படி கடைசிப் பங்கு அம்மாவுக்கு. அவர் பொட்டலத்தை வாங்கிக் கூடையில் வைத்தார். அவருக்கு வீடு என்றால் சார் வீடுதான், அந்த ஹால்தான். நாங்கள் மூவரும் கூடையைப் பார்த்தோம். அவள் மட்டும் அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"ரெண்டாவது ஞாயிறு, மூணு மணி, எங்க ஊடு" என்றார் அம்மா. "அவருகிட்ட வெக்கலாமான்னு கேக்கல, வெக்கிறேன்னு சொல்லிட்டேன். நாம அஞ்சு பேரு. டம்ளரு ஆறு எடுத்து வெளக்கி வெச்சிருக்கேன். ஆறாவது, அவரு வந்து நம்ம கூட ஒக்காந்தாருன்னா."

அவள் பஸ்ஸில் வழக்கம்போல் என் பக்கத்தில்தான் வருகிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன புடவை கட்டலாம் என்று நேற்று கேட்டாள். இருப்பதிலேயே நல்லதைக் கட்டு என்றேன்.